ஒற்றைக் காலுறை

மொன்தெஃபால்வோ
இத்தாலி, ஜனவரி 12, 1984

அன்புள்ள தம்பி ஓரெஸ்தேவுக்கு,

இங்கே நான் சுகம். முழங்கை வலி குளிர் வந்தால் வரும், குளிர் போனால் போகும், அதை ஒரு நோயாகக் கணக்கில் வைக்க வேண்டாம். உனக்கும் இவானாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டையில் நாலே வார்த்தை. பெல்ஜியத்தில் மைக்கும் விலை ஏறிவிட்டதா என்ன?

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து நம் ஊற்றுப் பேட்டைக் கூட்டம் நடந்தது. புனித எரஸ்மோ திருநாள் ஊர்வலத்தில் இந்த வருஷம் பேட்டைக் கொடியைப் பிடித்து முன்னால் நடப்பது யார் என்று பேச்சு வந்தது. பேட்டைத் தலைவர் உபால்தோ எழுந்தார். "நம்ம ஓரெஸ்தே இருபது வருஷமா சொந்தக் காசுல ரயிலேறி வந்து, பின்னாடி நின்னு முரசு அடிச்சிட்டுப் போறான். ஒரு தடவையாவது அவன் மூஞ்சி முன்னால தெரியட்டுமே" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நான் மட்டும் ஊசி கீழே விழுந்த மாதிரி குனிந்துகொண்டேன். கண் கலங்கியதை அந்தக் கூட்டத்துக்குக் காட்டுவானேன்.

ஆகவே உன் கால் அளவு வேண்டும். நீ முரசு அடிக்கப் போட்ட பழைய காலுறையைப் பூச்சி தின்றுவிட்டது, அது போகட்டும். கொடி பிடிப்பவனின் அங்கி குட்டை. காலுறை பாதத்திலிருந்து இடுப்பு வரை தோல் மாதிரி ஒட்டி நிற்க வேண்டும். இடது சிவப்பு, வலது வெள்ளை. கம்பளியைக் கோணலாகப் போட்டு வெட்டினால்தான் அந்த இழுவை வரும், கோணலாக வெட்டின துணி அளவு தப்பினால் மன்னிக்காது. கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால், தொடை எல்லாம் அளந்து அனுப்பு. இரண்டு காலுக்கும் தனித்தனியாக.

தொடர்ந்து இரண்டு வருஷமாக உடைக்கான பரிசு மேல்வாசல் பேட்டைக்குப் போகிறது. பெருஜியாவிலிருந்து வரும் நடுவர், அந்தப் பேராசிரியர், போன வருஷம் நம் ஆட்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஊர்வலத்தில் நடப்பவர் உடம்பில் 1390க்குப் பிறகு உண்டான எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். மூக்குக்கண்ணாடி இல்லை, கைக்கடிகாரத் தழும்புக்குக்கூட மாவு பூசியிருந்தோம். கடைசியில் "கால்களில் ஏதோ சரியில்லை" என்று சொல்லிவிட்டு மார்க்கைக் குறைத்துவிட்டார். என்ன சரியில்லை என்று சொல்ல மாட்டாராம், நாமே கண்டுபிடிக்க வேண்டுமாம். அன்றிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

பார் கடைக்குப் போன் பண்ணாதே. அங்கே பேசினால் பாதி மேல்வாசலுக்குக் கேட்கும். கடிதமே போடு.

இவானாவுக்கு என் முத்தங்கள். மேல்வாசலில் பிறந்தது அவள் குற்றமில்லை.

உன் அக்கா
எர்ஸிலியா


லியேஜ்
பிப்ரவரி 9, 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். இவானாவும் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்கைக்கு ஒட்டகத் தைலம் என்று ஒன்று இங்கே விற்கிறார்கள், ஒட்டகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை, அடுத்த பொட்டலத்தில் அனுப்புகிறேன்.

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. இங்கே பனி அதிகம், வெளியே போவது குறைவு.

கொடி விஷயம் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். உபால்தோவுக்கு நன்றி சொல்.

காலுறை கட்டும் நாடா முனைகளுக்குப் பித்தளைக் குப்பிகள் செய்துவிட்டேன், ஒரு டப்பா நிறைய அனுப்பியிருக்கிறேன். இந்த முறை தகட்டை மெல்லியதாக அடித்திருக்கிறேன், துளையில் நுழைக்கச் சிரமம் இருக்காது. பெல்ட் கொக்கி ஆறு. எல்லாம் உட்கார்ந்தே செய்கிற வேலை என்பதால் இந்தக் குளிர்காலத்தில் நிறைய நடந்தது.

அளவு பிறகு அனுப்புகிறேன். இவானா எடுக்க வேண்டும், அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

ஒரு யோசனை. கொடி பிடிப்பவன் கணுக்கால் வரை நீள அங்கி போட்டால் என்ன? கம்பீரமாக இருக்கும். துணிக்கு ஆகும் செலவு என்னுடையது.

இன்னொன்று. கோயிலில் இருக்கிற அந்த 1390 காலத்துச் சுவர் ஓவியத்தில், வாசலுக்குப் பக்கத்தில் கீழ் மூலையில் ஒரு ஆள் இருப்பான். சின்ன வயசில் நாம் அவனைப் பார்த்து ஏதோ பயந்திருக்கிறோம். அவன் காலில் என்ன போட்டிருக்கிறான் என்று பார்த்து எழுது.

அன்புடன் உன் தம்பி
ஓரெஸ்தே


மொன்தெஃபால்வோ
பிப்ரவரி 16, 1984

அன்புள்ள ஓரெஸ்தேவுக்கு,

உடம்பு நலம்தான், மனசுதான் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நலமில்லை. குப்பிகள் வந்து சேர்ந்தன. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. என்னோடு தைக்கிற பியெரினா ஒன்றைக் காதில் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

ஆனால் நீள அங்கி என்று எழுதினாயே, அதை என்ன மயக்கத்தில் எழுதினாய்? நீள அங்கி நீதிபதிக்கு, வைத்தியனுக்கு, சாகக் கிடக்கிற வியாபாரிக்கு. கொடி பிடிப்பவன் நீள அங்கியில் வந்தால் ஊற்றுப் பேட்டையில் ஆளுக்குக் கால் இல்லையா என்று மேல்வாசல்காரர்கள் கேட்பார்கள். கணுக்கால் வரை துணி கட்டிக்கொண்டு கோயில் ஏற்றத்தில் ஏறிப் பார், மூன்றாம் கல்லில் குப்புற விழுவாய்.

உனக்கு எதற்கு வெட்கம்? உன் கால் என்ன கோணலா? பத்தொன்பது வயதில் அதைக் காட்டித்தானே இவானாவை மயக்கினாய்.

மூலையில் இருக்கிற அந்த ஆளைப் பற்றிக் கேட்டாய். அங்கே நூறு வருஷத்து மெழுகுவர்த்திப் புகை, ஒரு கரித்திட்டு மாதிரித்தான் தெரிகிறான். பிச்சைக்காரன் என்று அம்மா சொல்வாள். கொடி பிடிக்கக் கூப்பிட்டால் நீ ஏன் பிச்சைக்காரனின் காலைக் கேட்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை.

அளவை அனுப்பு. இவானாவுக்கு நேரம் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு எடு. தபாலுக்குக் காத்திருக்கிறேன்.

எர்ஸிலியா


லியேஜ்
மார்ச் 20, 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அளவு எடுத்தாகிவிட்டது. இவானா கையால் எழுதித் தனித் தாளில் வைத்திருக்கிறோம். இடது காலுக்குத்தான் எடுத்தோம். இரண்டும் ஒன்றுதானே, அதையே வைத்துக்கொள்.

கோயில் ஏற்றத்தில் பழைய கல்தான் இருக்கிறதா, இல்லை நகராட்சி ஏதாவது சமப்படுத்திவிட்டதா? ஓரத்தில் முன்பு ஒரு இரும்புக் கைப்பிடி இருந்தது. அது இன்னும் இருக்கிறதா?

நான் மே கடைசியில் வருவேன். இந்த முறை முன்கூட்டி வர முடியாது. ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம்.

உன் தம்பி
ஓரெஸ்தே


மொன்தெஃபால்வோ
மார்ச் 27, 1984

அன்புள்ள ஓரெஸ்தேவுக்கு,

சுகம். நீ சுகம் என்று எழுதுகிறாய், நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு காலும் ஒன்று என்று தையற்காரியிடம் சொன்ன முதல் ஆள் நீதான். மனுஷனுக்கு இரண்டு காலும் ஒன்றாக இருந்ததே கிடையாது. உனக்கு வலது கெண்டைக்கால் பருமன், பந்து உதைத்து உதைத்து வந்தது. இருபது வருஷமாக உனக்குத் தைக்கிறேன், எனக்குத் தெரியாதா? அந்தப் பருமனும் இப்போது எப்படியோ, வயசாகிவிட்டது. வலது காலை அளந்து அனுப்பு. வெள்ளைத் துணி மேசைமேல் விரித்துக் கிடக்கிறது, ஒரு சுண்ணாம்புக் கோடுகூடப் போடவில்லை. சிவப்பை மட்டும் வெட்டிவிட்டேன். மஞ்சிட்டி வேரில் சாயம் நன்றாக ஏறியிருக்கிறது.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை தம்பி. நீள அங்கி கேட்கிறாய். பிச்சைக்காரனைக் கேட்கிறாய். கைப்பிடியைக் கேட்கிறாய். கொடி பிடிப்பவனுக்கு எதற்கடா கைப்பிடி, அவனுக்குத்தான் இரண்டு கையிலும் கொடி இருக்குமே? ஸ்டேஷனுக்கு வராதே என்கிறாய். என்றைக்காவது நான் வராமல் இருந்திருக்கிறேனா?

இதையெல்லாம் விடு. நேற்று பியெரினா ஒரு சேதி கொண்டுவந்தாள். தபால்காரர் கையில் பெல்ஜியம் தபால்தலை ஒட்டின பொட்டலம் பார்த்தாளாம். எனக்குத்தான் என்று நினைத்து ஓடிப்போய்க் கேட்டிருக்கிறாள். "உங்க தெருவுக்கு இல்லம்மா, இது மேல்வாசலுக்கு. செல்ஸோ பேருக்கு" என்றாராம் அவர்.

செல்ஸோ இவானாவுக்குச் சித்தப்பா மகன், அது எனக்கும் தெரியும். ஆனால் மேல்வாசலுக்கு 1390ஆம் வருஷத்துக் காலணி தைக்கிறவனும் அவன்தான். நம்மை இரண்டு வருஷமாகத் தோற்கடிக்கிற பேட்டையின் செருப்புக்காரனுக்கு நீ ஏன் பொட்டலம் அனுப்புகிறாய்?

உள்ளதை எழுது.

எர்ஸிலியா


மொன்தெஃபால்வோ
ஏப்ரல் 14, 1984

ஓரெஸ்தேவுக்கு,

உன் சுகத்தைக் கேட்டு எழுத மனம் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். சுகமா?

பதிலே இல்லை. நேற்றுச் சந்தையில் செல்ஸோ எதிரே வந்தான். "கொடி பிடிக்கிறவர் எப்படி இருக்கார்க்கா?" என்றான். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயத்தைப் பார்த்தான். உன்னைக் கொடிக்குத் தேர்ந்தெடுத்தது நம் பேட்டைக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கு எப்படித் தெரிந்தது?

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். என் அறிவுக்கு ஒரே பதில்தான் வருகிறது. கல்யாணமான ஆண் தன் பேட்டைக் கழுத்துத்துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மனைவியின் பேட்டைக்குப் போகலாம் என்று நம் வழக்கத்தில் இடம் இருக்கிறது. அப்பா காலத்தில் ஒருவர் போனார். அவர் சாகும்வரை அவருடைய தங்கை அவர் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

நீ மேல்வாசலோடு நடக்கப் போகிறாயா? அவர்கள் நீள அங்கி தருகிறார்களா? அதனால்தான் எனக்கு வலது காலைத் தர மாட்டேன் என்கிறாயா, நான் தைத்துவிட்டால் நீ போட்டுத்தான் ஆக வேண்டும் என்று?

போவதாக இருந்தால் போ. உரிமை உனக்கு இருக்கிறது. ஆனால் அதை உன் வாயால் சொல்லு. உபால்தோ கொடியை நம் பேட்டைப் பையன் நெரேயோவுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா போன பிறகு இந்த ஊரில் எனக்கென்று வருகிற ஆள் நீ ஒருவன்தான். அந்த ஆளும் எதிர்ப்பக்கத்துத் தெருவில் நடந்தால் நான் யாருக்காகத் தைக்கிறேன்?

எர்ஸிலியா


லியேஜ்
ஏப்ரல் 25, 1984

அக்கா,

சுகம்.

என்னை ஊற்றுத் தண்ணீரில்தான் ஞானஸ்நானம் செய்தார்கள். கழுத்துத்துண்டு என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் எந்தப் பேட்டைக்கும் போகவில்லை. நீ இப்படி நினைப்பாய் என்று கனவிலும் நினைக்கவில்லை.

கொடியை நெரேயோவுக்குக் கொடுப்பதென்றால் கொடுங்கள். அவனுக்கு நல்ல கால்கள்.

செல்ஸோவைப் பற்றிக் கேட்காதே.

ஓரெஸ்தே

அண்ணிக்கு இவானா எழுதுவது: உறையை ஒட்டுவதற்கு என்னிடம் கொடுத்தார், அதனால் இந்த நாலு வரி. அவர் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கொடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அவர் வாயால் சொல்ல மாட்டார், நான் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். செல்ஸோ சத்தியம் எதுவும் செய்யவில்லை. நேரில் போய்ப் பாருங்கள்.


மொன்தெஃபால்வோ
மே 8, 1984

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன்னை இந்த முறை கேட்கவில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு பேட்டைக்காரர் இன்னொரு பேட்டையின் வேலைக் கூடத்தில் கால் வைக்கக் கூடாது என்று உனக்குத் தெரியும். உள்ளே தைப்பது வெளியே தெரியாதபடி மேல்வாசலில் எல்லா ஜன்னலிலும் விரிப்புத் தொங்குகிறது. நான் வியாழக்கிழமை பட்டப்பகலில், நம் பேட்டைத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, அந்தத் தெரு வழியே நடந்தேன். பெண்கள் வாசலில் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி, "வழி தெரியாம வந்துட்டீங்களா எர்ஸிலியா?" என்றாள். "தெரிஞ்சுதான் வந்தேன். உங்க தையலைப் பார்க்க வரல, பயப்படாத" என்றேன்.

செல்ஸோ கடையில் தனியாகத்தான் இருந்தான். என்னைப் பார்த்ததும் மேசைமேல் இருந்ததைத் துணியால் மூடினான்.

"மூடாத. அது என் தம்பி சாமான்தான?" என்றேன்.

"நீங்க இங்க வரக் கூடாதுக்கா."

"தெரியும். எங்களுக்கு மார்க்கு குறைப்பாங்க. குறைக்கட்டும். என் தம்பிய நீ உங்க பக்கம் இழுத்துட்டியா இல்லையா, அத மட்டும் சொல்லு."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுத் துணியை எடுத்தான்.

மேசையில் ஒரு காலணி இருந்தது. கூர்மூக்கு, பக்கவாட்டில் வார், நல்ல வேலை. இடது காலுக்கானது.

"இன்னொண்ணு எங்க?"

"ஒண்ணுதான் கேட்டாங்க."

பக்கத்தில் கிண்ணம் மாதிரி ஒரு தோல் உறை. உள்ளே ஆட்டு ரோமம் வைத்து மெத்தென்று தைத்திருந்தான். தொடையில் கட்டுகிற மாதிரி இரண்டு வார், இரண்டிலும் உன் கொக்கி. உன் வேலை எனக்குத் தெரியாதா? நான் அதைக் கையில் எடுத்தேன். வேட்டைப் பருந்தைக் கையில் உட்கார வைக்கிறவனின் உறையா இது என்று கேட்டேன். அப்போதும் எனக்கு ஓடவில்லை, பார்த்துக்கொள். செல்ஸோ குனிந்து தன் வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினான்.

"முட்டிய மடக்கி இதுக்குள்ள வைக்கணும். கீழ வர்ற மரத்த அவரே கடைஞ்சுக்கிறாராம். அச்சும் அளவும் அங்கேர்ந்து அனுப்பினாரு. நான் காசு வாங்கலக்கா. எங்க பேட்டையிலயும் சொல்லல."

நான் அவனுடைய முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தான், குடித்தேன். மேல்வாசல் தண்ணீர். பரவாயில்லை, தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

திரும்பி வரும்போது நேரே கோயிலுக்குப் போனேன். கோயில்காரர் சாப்பிடப் போயிருந்தார். நாற்காலி போட்டு ஏறி, ரொட்டியின் உள்சதையைப் பிசைந்து, அந்தக் கீழ் மூலையில் மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தேன். புகை ரொட்டியில் வந்தது. நீ கேட்ட ஆளைப் பார்த்தேன் ஓரெஸ்தே. அவன் பிச்சைக்காரன் இல்லை. அம்மாவுக்குத் தெரியாது. அவன் இடுப்பில் நல்ல தோல் பை தொங்குகிறது, கக்கத்தில் ஒரு வாத்து. சந்தைக்கு விற்க வருகிறான். வலது முழங்காலை ஒரு மரக்காலில் ஊன்றியிருக்கிறான்.

அவன் காலில் என்ன போட்டிருக்கிறான் என்று நீ பிப்ரவரியில் கேட்டாய். இப்போது பதில் எழுதுகிறேன்.

அந்தச் சுவரில் மற்ற எல்லோருக்கும் அங்கி தொடையை மறைக்கிறது. இவன் மட்டும் சேற்றுக்குப் பயந்து அங்கியைத் தூக்கிச் செருகியிருக்கிறான். இடது காலில் இடுப்பு வரை ஒரு காலுறை. மேலே உள்சட்டையோடு இரண்டு நாடாவால் கட்டியிருக்கிறது. வலது பக்கம் இன்னொரு காலுறை, முழங்காலோடு முடிகிறது, அதற்கும் தனியாக இரண்டு நாடா. நடுவில் இரண்டுக்கும் ஒட்டு இல்லை. உள்ளே வெள்ளைத் துணி தெரிகிறது.

நாற்காலியிலேயே நின்றுவிட்டேன். நான் இத்தனை வருஷமாக இரண்டு காலுறையையும் நடுவில் சேர்த்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். முரசு அடிக்கிற பையன்கள் கூச்சப்படுகிறார்கள் என்று அம்மா தொடங்கினாள், நான் யோசிக்காமல் தொடர்ந்தேன். அந்தக் காலத்தில் காலுறை ஒற்றை ஒற்றையாகத்தான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு காலுக்கும் அது தனி உடுப்பு. சேர்த்துத் தைத்தது நம் வீட்டு வேலை. அந்தப் பேராசிரியர் சொன்னது அதைத்தான்.

பியெரினாவையும் மற்றவர்களையும் கூப்பிட்டு நம் கூடத்தில் இருந்த எல்லா நடுத்தையலையும் பிரிக்கச் சொன்னேன். "எர்ஸிலியாவுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்றார்கள். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பிறகு கத்தரி மட்டும்தான் பேசியது. உன் காலைப் பற்றி நான் அவர்களிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

உன் மேல் கோபம் இருக்கிறது. நிறைய. நீ வந்ததும் படுவாய். மேல்வாசலுக்குப் போகிறாயா என்று எழுதின கையை நினைத்தால் எனக்கு என் மேலும் கோபம். உன் கால் கோணலா என்று வேறு கேட்டிருக்கிறேன்.

உன் சிவப்புக் காலுறை முடிந்துவிட்டது, இதோடு அனுப்புகிறேன். தனியாக, ஒற்றையாக, முறைப்படி. வெள்ளையை வெட்டிவிட்டேன். ஆனால் கீழே அடைக்கவில்லை. எங்கே அடைப்பது என்று நீ சொல்ல வேண்டும்.

கொடி உன்னுடையதுதான். கோயில் ஏற்றத்தில் கைப்பிடி இருக்கிறது, இடது பக்கம். உனக்குத் தேவைப்படாது.

இவானாவை அணைத்துக்கொள். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லு.

உன் அக்கா
எர்ஸிலியா


லியேஜ்
மே 17, 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமில்லாமல் இருந்தேன். நவம்பரில் பெருவிரலில் ஒரு புண். அலட்சியமாக விட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உனக்கு அட்டை எழுதியது ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான், அதனால்தான் நாலு வார்த்தை. இப்போது தேறிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் உன் கடிதம் வந்தது, கொடி உனக்கு என்று. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் அழுவீர்கள். பிறகு உபால்தோ வீட்டு மாடி ஜன்னலில் ஒரு நாற்காலி போட்டு, மடியில் கம்பளி போர்த்தி என்னை உட்கார வைப்பீர்கள். கீழே போகிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்துக் கையாட்டுவார்கள். எனக்கு அந்த ஜன்னல்தான் பயம். கத்தி வைத்த டாக்டரிடம்கூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. அதனால் ஒருவருக்கும் தெரியாமல் வந்து, நீள அங்கிக்குள் நடந்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நீ கேட்ட அளவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் குழம்பிக் குழம்பி உன்னையும் குழப்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கால் ரோஜா நிற பிளாஸ்டிக். அதைப் பார்த்தால் பேராசிரியர் மயங்கி விழுவார். ஆகவே ஓக் மரத்தில் நானே கடைந்தேன். செல்ஸோவின் உறை நேற்று வந்தது, அருமையாகப் பொருந்துகிறது. துடைப்பக் கம்பில் படுக்கை விரிப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகுகிறேன். கீழ்வீட்டுக்காரர் வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு, "யார்கிட்ட சரணடையப் போறீங்க ஓரெஸ்தே?" என்றார். "எங்கக்காகிட்ட" என்றேன்.

உபால்தோவிடம் நீயே சொல்லிவிடு. பியெரினாவிடமும். நான் வந்து இறங்கும்போது எல்லோரும் அழுது முடித்திருக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வா.

சிவப்புக் காலுறை போட்டுப் பார்த்தேன். தோல் மாதிரி இருக்கிறது.

வலது, இடுப்பு எலும்பிலிருந்து கீழே ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். முழங்காலுக்கு மேல் சுற்றளவு முப்பத்தொன்பது, கீழே முடிகிற இடத்தில் முப்பது. அங்கே அடைத்துவிடு.

இந்த முறை நானே அளந்தேன்.

உன் தம்பி
ஓரெஸ்தே